மன்றமா, டெலிகிராம் குழுவா? நெடுநாள் ஓட்டிய பிறகு சில புலம்பல்கள்

டெலிகிராம் குழுவை மூடிவிட்டு டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளில் தனி மன்றம் வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதில் நீண்டுவிட்டதால் பொதுவிலேயே போடுகிறேன். இரண்டையும் அட்மினாக இருந்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வசதிப் பட்டியல் தெரியும், அதற்குள் போகவில்லை.

முதலில் எரிச்சல். திட்டுகிறவர்களால் விவாதம் கெடுவதில்லை, அவர்களை ஒரு நிமிடத்தில் தூக்கிவிடலாம். தூக்க முடியாத ஆசாமி ஒருவர் உண்டு, பரம சாது. "ஹெட்போன் ஒரு பக்கம் கேட்கல, ஹெல்ப்" என்று போடுவார். மாடல் இருக்காது. ஒயர் உள்ளதா, புளூடூத்தா என்பதும் இருக்காது. இரண்டு பேர் மெனக்கெட்டு விசாரிப்பார்கள்: வேறு போனில் போட்டுப் பார்த்தீர்களா, ஜாக்கை லேசாகத் திருகினால் சத்தம் வருகிறதா, செட்டிங்ஸில் ஆடியோ பேலன்ஸ் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறதா? கீழே "எனக்கும் இதே பிரச்சினை" என்று ஒரு வரிசை நிற்கும். மறுநாள் அவரே வருவார்: "சரியாயிடுச்சு, நன்றி நண்பர்களே." எப்படிச் சரியாயிற்று என்று மூச்சு விடமாட்டார். அதற்கும் பத்து லைக். அடுத்த வருஷம் அதே கோளாறோடு தேடி வருபவர் கண்ணில் முதலில் படுவது இந்த இழைதான், அதாவது இந்தக் கேள்வியும் அதன் கீழ் வந்த பதில்களும்.

நஷ்டம் தேடி வந்தவரோடு நிற்பதில்லை. விஷயம் தெரிந்தவர் ஒரே கேள்விக்கு மூன்று முறை பொறுமையாக எழுதுவார். அடுத்த முறை "மேலே தேடிப் பாருங்க" என்பார். அப்புறம் வாயே திறக்கமாட்டார். சண்டை போட்டுவிட்டுப் போகிறவரைத் தடுக்கலாம், இவர் போனதே அட்மினுக்குத் தெரியாது. காலியான இடத்தில் "ரீசெட் பண்ணிப் பாருங்க" கோஷ்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது சாட்ஜிபிடி பதிலை அப்படியே ஒட்டுகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். வாக்கியம் வழவழவென்று இருக்கும், சொல்லும் மெனு அந்த போனிலேயே இருக்காது. புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே இதற்குத் தடை போட்டது. சின்ன இடங்களில் தடையை அமல்படுத்த ஆள் கிடையாது. எந்த மாடலில், எந்த வெர்ஷனில் செய்து பார்த்தீர்கள் என்று ஒரு கேள்வி போட்டால் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள்.

புதியவர்களைத் திட்டுவது பழைய வழக்கம். இணையத்தின் பழைய விவாதக் குழுக்களான யூஸ்நெட் காலத்தில் செப்டம்பர் தோறும் பல்கலைக்கழகங்களில் சேர்ந்த மாணவர்கள் வந்து குவிவார்கள், சில வாரங்களில் பழகிவிடுவார்கள். 1993-க்குப் பிறகு ஏஓஎல் போன்ற வீட்டு இணையச் சேவைகள் வழியாக வரத்து ஓயவே இல்லை. 'முடியாத செப்டம்பர்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். வந்தவர்கள் பழகுவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

டிஸ்கோர்ஸில் எனக்குப் பிடித்த விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. புதுக் கணக்கு முதல் படி ஏற வேண்டுமானால் எழுதிக் குவித்துப் பயனில்லை, படித்தாக வேண்டும். அமைப்பை மாற்றாமல் விட்டால் 5 இழைகளைத் திறந்து, 30 பதிவுகளைப் படித்து, 10 நிமிடம் செலவழித்திருக்க வேண்டும். அதுவரை லிங்க், படம் எல்லாம் அளவோடுதான். தலைப்பு டைப் செய்யும்போதே ஒத்த பழைய இழைகளை எடுத்துக் காட்டிவிடும். ஆனால் பழைய இழையின் தலைப்பு "அவசரம்!!! உதவி" என்றிருந்தால் எதைக் காட்டும்? அதனால் அட்மினுடைய முதல் வேலை தலைப்பைத் திருத்துவது: "ஒயர் ஹெட்போன், இடப்பக்கம் சத்தம் இல்லை." இரண்டாவது, தீர்ந்தது என்று சொன்னவரை அன்றைக்கே பிடித்து எப்படி என்று கேட்பது. ஒரு வாரம் போனால் ஆள் கிடைக்கமாட்டார். கிடைக்காவிட்டால் நல்ல பதில் உள்ள இழைக்கு லிங்க் கொடுத்துவிட்டு இதைப் பூட்டுங்கள். படங்களை மன்றத்திலேயே ஏற்றச் சொல்லுங்கள். 2017-ல் படம் ஏற்றி வைக்கும் தளமான போட்டோபக்கெட் இலவசக் கணக்குப் படங்களை வெளித்தளங்களில் காட்டுவதை நிறுத்தியபோது, எத்தனையோ பழைய செய்முறை இழைகள் படமில்லாமல் வெறும் கூடாயின.

டெலிகிராமில் இதில் பாதியைச் செய்யவே முடியாது. நேற்றைய பதில் இன்றைக்கு மேலே எங்கோ போயிருக்கும். குழுவைத் தலைப்புவாரியாகப் பிரிக்கும் டாபிக்ஸ் வசதி 2022-ல் வந்தது, மக்கள் எல்லாவற்றையும் ஜெனரல் என்ற பொதுத் தலைப்பில்தான் கொட்டுகிறார்கள். ஸ்லோ மோடை மட்டும் மனசாரப் பாராட்டலாம். ஒருவர் ஒரு செய்தி போட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டிய நேரம் அது, சில வினாடி முதல் 1 மணி நேரம் வரை வைக்கலாம். சாதாரண நாளில் 30 வினாடி போதும். "ஹாய்", "ஒரு டவுட்", "யாராவது இருக்கீங்களா" என்று மூன்று தவணையில் வருவது ஒரே செய்தியாகச் சுருங்கும். சண்டை மூண்டால் ஒரு ராத்திரிக்கு 15 நிமிடம். பூட்டினால் அதே சண்டை வேறு தலைப்பில் முளைக்கும், தாமதப்படுத்தினால் ஆறிவிடும். அட்மின்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது என்பதால் சண்டையில் அட்மின் இறங்காமல் இருப்பது முக்கியம்.

இவ்வளவு சொன்ன பிறகு மன்றம்தான் என்று முடிக்க வேண்டும். முடிக்க மாட்டேன். தினமும் தலைப்பு திருத்த இரண்டு பேர் உட்காராவிட்டால் டிஸ்கோர்ஸ் வேண்டாம். சர்வர், பேக்கப், அப்டேட் எல்லாம் உங்கள் தலையில்தான். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஸ்பாமில் விழுந்து, சேர வந்தவர் பாதியில் திரும்பிப் போவார். இத்தனைக்கும் பிறகு அங்கேயும் ஒருவர் ஹெல்ப் என்று மட்டும் போட்டிருப்பார். குழுவையே வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் உச்சியில் பின் (pin) செய்து வைத்த செய்தியில் இருக்கும் விதிகளை எடுத்துவிடுங்கள், யாரும் படிப்பதில்லை. அங்கே நான்கு வரி மட்டும் போடுங்கள்: மாடல் என்ன, என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து, இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள். இதை நிரப்பாத கேள்விக்கு அட்மின் உட்பட ஒருவரும் பதில் சொல்லக் கூடாது. முதல் மாதம் திட்டு வாங்குவீர்கள்.