பழைய வீட்டின் உட்சுவருக்கு முட்டைப் பூச்சா, எமல்ஷனா?

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டைச் செப்பனிடுவோருக்கு உட்சுவர் விஷயத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் காணக்கூடிய, வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. மற்றொன்று, சிமென்ட் பூசி, சுவரைச் சமன்படுத்தும் பட்டி பார்த்து, எமல்ஷன் பெயிண்ட் அடிப்பது. எங்கள் பூர்வீக வீட்டின் கூடத்துக்கு முட்டைப் பூச்சையே தேர்ந்தெடுத்தோம். என் சாய்வும் அந்தப் பக்கமே.

செலவிலும் வேகத்திலும் எமல்ஷன் முந்தும். எந்த ஊரிலும் ஆள் கிடைப்பார்கள், நிறங்களுக்கும் குறைவில்லை.

முட்டைப் பூச்சுக்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, மணல் கலந்து அடிப்பூச்சு இட்டு, அது இறுகிய பிறகே அடுத்தடுத்த மெல்லிய பூச்சுகளை ஏற்ற வேண்டும். கலவையில் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்ப்பதுண்டு. மேற்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெய் போல் அரைத்துத் துணியில் வடிகட்டி, வெள்ளைக்கருவைக் கலந்து பூசி, ஈரம் முற்றும் காய்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். மஞ்சள்கரு துளியும் கலக்கக்கூடாது, வெண்மை கெட்டுவிடும்.

வெள்ளைக்கருவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புரதம். மீதி பெரும்பாலும் நீர். சுண்ணாம்பின் கடுமையான காரத்தில் அந்தப் புரதம் உருக்குலைந்து, நுண்ணிய துகள்களைப் பற்றிக்கொண்டு உலர்கிறது. ஐரோப்பாவில் நூல் கட்டுவோர் தோல் அட்டையில் பொன்தாளைப் பதிப்பதற்கும், 1850இல் தொடங்கி அந்த நூற்றாண்டின் இறுதிவரை புகைப்படக்காரர்கள் தாளின்மேல் வெள்ளி உப்பைப் பிடித்து நிறுத்துவதற்கும் வெள்ளைக்கருவை நாடியது, மெல்லிய பளபளப்பான படலமாகக் காயும் இந்தக் குணத்துக்காகவே. சுவரில் இதற்குச் சுண்ணாம்பும் துணை நிற்கிறது; அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லச் சுண்ணாம்புக்கல்லாக மாறுவதால், பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகுகிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருப்பதில்லை. மண்ணின் நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விடுகிறது. வெள்ளைக்கரு மேற்பரப்பை நெருக்கமாக்கினாலும் முழுவதும் அடைத்துவிடுவதில்லை. சிமென்ட்டும் அதன்மேல் அடித்த பெயிண்ட்டும் சேர்ந்தால் வழி பெரிதும் அடைபடுகிறது. அப்போது நீரோடு கரைந்து வந்த உப்பு பெயிண்ட்டுக்கு அடியிலேயே படிகமாகி, பூச்சை உந்தித் தள்ளுகிறது. எங்கள் வீட்டிலேயே முன்பு சிமென்ட் பூசிய பக்கத்து அறையில், மழைக்காலம் முடிந்ததும் இடுப்பளவு உயரத்தில் பெயிண்ட் உப்பிக் கொப்புளமாக உரிகிறது. சுரண்டிப் பட்டி பார்த்து மறுபடி அடித்தாலும் அதே இடத்தில்தான் திரும்ப வருகிறது. அதே மண்ணின் மேல் நிற்கும் கூடத்துச் சுவரில் அந்த வேலையே இல்லை; தூசியை மென்மையான உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி. முதலில் செய்த கூடுதல் செலவை இப்படிப் பார்க்கும்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஆனால் பழுதுபார்ப்பது எளிதன்று. ஆணி அடித்துப் பெயர்ந்த இடத்தில் புதிதாகப் பூசினால் வெண்மையில் வேறுபாடு தெரியும். எமல்ஷனில் இந்தத் தொல்லை குறைவு. படங்கள் மாட்ட வேண்டிய இடங்களைப் பூசும் முன்பே குறித்து, மரக்கட்டை பதித்துவிடுவது நல்லது. முட்டையை விரும்பாத வீட்டார் கடுக்காய், கருப்பட்டி சேர்த்த பூச்சோடு நிறுத்திக்கொள்ளலாம். மெருகு சற்றுக் குறையலாம், ஆவி வெளியேறுவது குறையாது.

எங்கள் அனுபவம் மழை நேரடியாகப் படாத கூடத்துச் சுவரோடு நிற்கிறது. ஆகவே வெளிச்சுவருக்கும் குளியலறைக்கும் இதே பரிந்துரையைச் செய்ய மாட்டேன். ஈரத்தடுப்பு அடுக்கோடு சிமென்ட்டில் கட்டிய புது வீட்டுக்கு எமல்ஷன் போதும். பழைய வீட்டுக்காரர்கள் பூச்சு வேலையில் பழகிய கொத்தனாரிடம், ஒரு சுவரின் கீழ்மூலையில் சிறு பரப்பை மட்டும் மாதிரியாகப் பூசச் சொல்லி, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.