பேக்கிங்குக்கு கிரீக் யோகர்ட்: எதற்கு வாங்கலாம், எதற்கு நந்தினி தயிரே போதும்

பெங்களூரில் இப்போது எந்த சூப்பர்மார்க்கெட் ஃப்ரிட்ஜைத் திறந்தாலும் கிரீக் யோகர்ட் டப்பாக்கள் ஒரு வரிசை நிற்கின்றன. அல்சூரில் எங்கள் தெருமுனைக் கடைக்குக்கூட வந்துவிட்டது. ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் புரோட்டீனுக்காக வாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டில் சின்னதாக ஒரு ஓடிஜி (மேசைமேல் வைக்கிற மின்சார அவன்) வைத்துக்கொண்டு கேக், புட்டிங் என்று செய்கிறவர்களுக்கு இது கொடுக்கிற காசுக்குத் தகுமா என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இனிப்பில்லாத பிளெயின் வகை மட்டும்தான் என் கணக்கில். மாம்பழம், ஸ்ட்ராபெரி போட்ட கப்பில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது, அதை வைத்து பேக் செய்தால் இனிப்பு அளவு பிடிபடவே மாட்டேன் என்கிறது, அப்படியே சாப்பிட்டுவிடுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக் செய்த தயிர், சீஸ்கேக் என்று தண்ணீர் பட்டாலே கெட்டுப்போகிற இனிப்புகளுக்கு நல்ல கிரீக் யோகர்ட் வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். சாதாரண கேக்குக்கு வேண்டவே வேண்டாம்.

தயிரை வடிகட்டி அதிலிருக்கிற தண்ணீரில் பெரும்பகுதியை இறக்கிவிட்டால் மிஞ்சுவதுதான் கிரீக் யோகர்ட். ஒரு கிலோவுக்கு மூன்று நான்கு லிட்டர் பால் பிடிக்கும், விலை ஏறுவது அதனால்தான். நம் வீட்டுத் தயிரில் 100 கிராமுக்கு 3, 4 கிராம் புரதம் என்றால் இதில் 8 முதல் 10 கிராம் வரை இருக்கும். சூட்டில் இறுகி வடிவத்தைப் பிடித்து நிறுத்துவது அந்தப் புரதம்தான், அப்புறம் கசிந்து வெளியே வர தண்ணீரும் அதிகம் இருக்காது. ஆனால் எல்லா டப்பாவும் இப்படி வடிகட்டினது இல்லை. சிலதில் ஸ்டார்ச்சோ ஜெலட்டினோ சேர்த்துக் கெட்டியாக்கியிருப்பார்கள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பாலும் கல்ச்சரும் (தயிருக்கான உறை) மட்டும் இருந்தால் எடுங்கள், 1442 என்று எண் இருந்தால் அது மாற்றியமைத்த ஸ்டார்ச், 440 என்றால் பெக்டின். புரதம் 100 கிராமுக்கு 5 கிராம்கூட இல்லையென்றால் பேக்கிங்குக்கு அது வேலைக்கு ஆகாது. பெயர் சொல்லாமல் விடுகிறேன், அப்படி ஒரு டப்பாவை வாங்கி வந்து பேக் செய்ததில், ஆறின பிறகு ஓரமெல்லாம் தண்ணீர் விட்டு, ஸ்பூனை வைத்ததும் நடுவில் சரிந்துவிட்டது. ருசி பரவாயில்லை, ஆனால் விருந்தாளிக்கு எடுத்து வைக்க முடியாது.

எனக்குக் கைக்கு வந்தது எபிகாமியாவின் பிளெயின். மும்பைக் கம்பெனி, 2015இல் கிரீக் யோகர்ட்டோடுதான் அந்தப் பெயரில் வந்தார்கள். ஸ்பூனில் எடுத்தால் வழியாமல் நிற்கிறது, புளிப்பும் அளவாக இருக்கிறது. மில்க்மெயிட் மாதிரி கண்டென்ஸ்டு மில்க்கோடு (சர்க்கரை போட்டு வற்றவைத்த பால்) சேரும்போது இந்த லேசான புளிப்பு ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் இரண்டு வாய்க்கு மேல் திகட்டிவிடும்.

இதற்குப் போட்டியாக நான் வைப்பது கர்நாடகப் பால் கூட்டுறவின் நந்தினி பாக்கெட் தயிர். மெல்லிய வேட்டித் துணியில் கொட்டி, முடிச்சுப் போட்டு, குழாயில் மாட்டி, கீழே ஒரு பாத்திரம் வைத்துவிட வேண்டியது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் ராத்திரி முழுக்க வெளியிலேயே தொங்கலாம், ஏப்ரலில் ஃப்ரிட்ஜுக்குள் வடிகட்டி மேல் வையுங்கள், வெளியில் விட்டால் காலையில் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அரைக் கிலோ பாக்கெட் கிட்டத்தட்ட பாதியாக வரும். டப்பா அளவுக்கு வழவழப்பு வராது, கொஞ்சம் திரிதிரியாக இருக்கும், ஆனால் ஒரு சல்லடையில் தேய்த்து எடுத்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும். விலையோ பல மடங்கு குறைவு. நேரம் இருக்கிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வங்காளிகளின் பாபா தோய், அதாவது ஆவியில் வெந்த இனிப்புத் தயிர். அவர்கள் ஆவியில் வைப்பார்கள், நான் ஓடிஜியில் வைக்கிறேன். ஒரு கப் கிரீக் யோகர்ட்டுக்கு முக்கால் கப் கண்டென்ஸ்டு மில்க், இரண்டு ஸ்பூன் பால், ஏலக்காய்ப் பொடி, சூடான பாலில் ஊறின நாலு இழை குங்குமப்பூ. நுரை வராமல் மெதுவாகக் கலக்க வேண்டும், நுரை இருந்தால் மேலே ஓட்டை ஓட்டையாக வரும். சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, அலுமினியம் ஃபாயிலால் மூடி, ஒரு தட்டில் கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி அதற்குள் வைத்து 150 டிகிரியில் 25, 30 நிமிடம். எடுக்கிற நேரம்தான் எல்லாம். கிண்ணத்தை லேசாகத் தட்டினால் ஓரம் அசையக்கூடாது, நடுவில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு இடம் மட்டும் நடுங்க வேண்டும். முழுக்க இறுகட்டும் என்று காத்திருந்தால் புரதம் சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிடும், நல்ல டப்பா வாங்கியும் பிரயோஜனமில்லை. வெளியே எடுத்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம் விட்டால் கத்தி வைத்து வெட்டுகிற பதத்துக்கு வந்துவிடும். வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "இது தயிரா? பால்கோவான்னு நெனச்சேன்" என்றார். கொழுப்பு நீக்கிய டப்பாவை இதற்கு வாங்காதீர்கள், மணல் மணலாகத் திரியும்.

சீஸ்கேக்குக்கும் இதே கதைதான். கீழே மாரி பிஸ்கட் பொடியும் வெண்ணெயும், மேலே போகிற கலவையில் ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளார் அதிகம். கிரீம் சீஸ் வாங்குகிற செலவு மிச்சம்.

ரவை கேக்குக்கு வந்தால் நிலைமை தலைகீழ். ரவை ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் ஊற வேண்டும், கிரீக் யோகர்ட்டில் அந்த அளவு ஈரம் கிடையாது. காசு கொடுத்துத் தண்ணீர் நீக்கியதை வாங்கி வந்து, அப்புறம் அதில் பால் ஊற்றி இளக்குவது எதற்கு? பாக்கெட் தயிர் ஒரு கப், ரவை ஒரு கப், சர்க்கரை முக்கால், நெய் கால் கப், தேவைக்குப் பால். அரை மணி ஊறவிட்டு, கடைசியில் ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடரும் கால் ஸ்பூன் சமையல் சோடாவும். சோடா தயிரின் புளிப்போடு சேர்ந்த நொடியே பொங்க ஆரம்பித்துவிடும், அதனால் ஓடிஜி முன்னாடியே 175 டிகிரியில் சூடாகி நிற்க வேண்டும், கலந்ததும் உள்ளே போக வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் மேலே இருக்கிறது, சென்னைக் குறிப்பைப் பார்த்துச் செய்கிறவர்கள் சோடாவை ஒரு சிட்டிகை குறைத்துப் பாருங்கள், நடுவில் குழி விழுவது நிற்கும். பிரான்சில் தயிர்க் கப்பையே அளவாக வைத்துச் செய்கிற ஒரு வீட்டு கேக் உண்டு, கப் தயிர் ஒன்று, சர்க்கரை இரண்டு, மாவு மூன்று என்று போகும், அதற்கும் சாதாரணத் தயிர்தான்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கடையில் மூடியைக் கவனியுங்கள், உப்பியிருந்தால் குளிர் விட்டுப்போய் உள்ளே புளித்திருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிட டெலிவரியில் வருவதையும் கையில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள், எனக்கு ஒருமுறை வெதுவெதுப்பாக வந்ததைத் திருப்பி அனுப்பினேன், பணம் வந்துவிட்டது. வீட்டில் வடிகட்டுகிறவர்கள் கீழே இறங்கின தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசைய அதை ஊற்றினால் சப்பாத்தி மறுநாள் வரை மெத்தென்று இருக்கிறது.