கண் மங்கிய அம்மாவுக்கு எது வசதி: சாம்சங் டிவியா, கூகுள் டிவி பெட்டியா?

அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, அப்பாவுக்குக் காது மந்தம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருவரும் தனியாக இருக்கிறார்கள், நான் இருப்பது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். அதனால் அவர்களுக்குச் சாம்சங் ஸ்மார்ட் டிவிதான் வாங்கினேன். அதே டர்பனில், பீனிக்ஸ் பகுதியில் தங்கை வீட்டில் பழைய டிவியோடு கூகுள் டிவி பெட்டி (டிவியில் செருகினால் அதை ஸ்மார்ட் டிவியாக்கும் சின்னப் பெட்டி) இருக்கிறது, அதையும் உட்கார்ந்து பார்த்தேன்.

மெனுவைப் பேசிக் காட்டும் வசதி இரண்டிலும் உண்டு. சாம்சங்கில் அதற்குப் பெயர் வாய்ஸ் கைட், கூகுளில் டாக்பேக். பேச்சின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். விலை என்று பார்த்தால் பெட்டிதான் மலிவு, வீட்டில் நல்ல டிவி இருந்தால் புதிது வாங்கவே வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பேரப்பிள்ளைகள் வந்தால் அந்தக் குரல் தொந்தரவு என்று நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் காலை போன் வரும்: "தம்பி, டிவி பேசமாட்டேங்குது." அப்போது திரையைப் பார்க்காமல், கை தடவியே அம்மா அதைத் திரும்பப் போட முடிய வேண்டும். சாம்சங் ரிமோட்டில் வால்யூம் பட்டன் கொஞ்சம் துருத்திக்கொண்டு இருக்கும், விரலுக்கு உடனே தட்டுப்படும். அதை அழுத்திப் பிடித்தால் அக்செசிபிலிட்டி (பார்வை, கேள்விக் குறை உள்ளவர்களுக்கான வசதிகள்) பட்டியல் வந்துவிடும், எங்கள் டிவியில் வாய்ஸ் கைட் முதல் வரியிலேயே இருப்பதால் நடுப்பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும். கூகுளில் பேக் பட்டனையும் கீழ் அம்பையும் சேர்த்துச் சில விநாடி பிடிக்க வேண்டும். பட்டியல் எதுவும் இல்லாமல் நேராகவே டாக்பேக் வந்துவிடும், அது நல்லதுதான், ஆனால் அந்தக் குட்டி ரிமோட்டில் இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் பிடிப்பது மூட்டுவலி உள்ள விரலுக்குப் பெரிய பாடு. இளவயதுக்காரருக்கு இது ஒரு குறையே இல்லை.

இன்னொன்று அப்பாவுக்காக. சாம்சங்கில் ப்ளூடூத் ஹெட்போனும் டிவி ஸ்பீக்கரும் ஒரே சமயத்தில் ஒலிக்கும்படி வைக்கலாம், மல்டி அவுட்புட் ஆடியோ என்று அதே அக்செசிபிலிட்டி பகுதியில் இருக்கிறது. அவர் ஹெட்போனில் சத்தமாகக் கேட்கிறார், அம்மா பக்கத்திலேயே சாதாரணச் சத்தத்தில் கேட்கிறார். தங்கை வீட்டுப் பெட்டியில் ஹெட்போன் போட்டால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது. டாக்பேக்கை நான் நாள்பட வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அதில் படம் தேடுவது, ஆப்பைத் திறப்பது எவ்வளவு சுலபம் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

எதை வாங்கினாலும் டிஎஸ்டிவி டிகோடரை, அதாவது இங்கே செயற்கைக்கோள் சேனல்களைத் தரும் தனிப் பெட்டியை, மறந்துவிடாதீர்கள். அதிலிருந்து எச்டிஎம்ஐ வயர் வழியாக டிவிக்கு வருவது வெறும் படமும் ஒலியும்தான், அதனால் டிகோடர் மெனுவில் இருக்கும் எழுத்தை வாய்ஸ் கைட்டும் படிக்காது, டாக்பேக்கும் படிக்காது. அம்மா தினம் பார்க்கும் தமிழ் சேனல்களின் எண்ணை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார், டிகோடர் ரிமோட்டில் 5 மேல் இருக்கும் புள்ளியைத் தடவி எண்ணை அழுத்திக்கொள்கிறார்.