வரலாற்றுப் பாடத்தில் தோட்டத்துச் செக்ரோல்: மலேசியாவின் சுங்கை சிப்புட் வகுப்பறை அனுபவம்

மூல ஆவணம் என்றால் வரலாற்று ஆசிரியர்கள் பத்துப் பதினைந்து தாளைக் கட்டாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் அது எடுபடாது. ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆவணம், நால்வருக்கு ஒரு நகல், அதற்குமேல் வேண்டாம்.

தொடக்கத்துக்கு ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்துப் பத்து வெள்ளி வாழைமர நோட்டு நல்லது. வாசிக்க அதிகமில்லை. ‘இதில் ஆண்டு எங்கே?’ என்று கேளுங்கள். இருக்காது. பிறகு, கேட்டதும் பணம் தருவதாக அதில் வாக்களித்திருப்பது யார், 1945 செப்டம்பருக்குப் பின் அந்த வாக்கு என்னவானது என்று கேட்டால் வகுப்பு சூடுபிடிக்கும்.

ஆனால் நீண்ட நாள் கைகொடுப்பது, தோட்டத் தொழிலாளர்களின் வேலை நாளையும் சம்பளத்தையும் பதிந்த செக்ரோல்தான். அகலமான பேரேடு என்பதால் ஒரு வரியே இரு பக்கத்துக்கு ஓடும். முழுப் பக்கத்தைச் சுருக்கி நகலெடுத்தால் எண்கள் மங்கிவிடும். ஒரே ஆளின் ஒரு மாத வரியை நாள் குறி, பணக் கணக்கு என இரண்டு துண்டாகப் பெரிதாக்கி, ஏ4 தாளில் மேலும் கீழுமாக ஒட்டுங்கள். வேலை நாளை எண்ணி, நாள் கூலியால் பெருக்கி, அரிசி முன்பணத்தைக் கழித்தால் கைக்கு வந்த தொகை வரவேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் அரைநாள் குறியைத் தவறாகப் படித்திருப்பார்கள். ஏட்டை எழுதிய தோட்ட எழுத்தர், அதாவது கிராணி, மாறினால் குறியும் மாறும். பழைய கிராணி ஒருவரிடம் முன்பே கேட்டுவைப்பது நல்லது.

கணக்கு முடிந்த பிறகுதான் வரலாறு தொடங்குகிறது. பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, வராத நாளில் காய்ச்சலா, மழையா, பிரசவமா? ஏடு சொல்லாது. சம்பளம் போட நிர்வாகம் எழுதியது அது. அதற்குத் தேவையானதை மட்டுமே எழுதியது. இதை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள், பத்து நிமிடம் கூடுதலாகப் போனாலும் சரி.

நாளிதழ் இதைவிடச் சிரமம். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் கொல்லப்பட்ட செய்தியைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் தேடலாம். ஆங்கிலத்தில் ‘சுங்கை’யை அன்று Sungai என்றல்ல, Sungei என்று எழுதினார்கள். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி சிக்காது. தலைப்பும் முதல் பத்தியும் போதும். அக்காலச் செய்திகளில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களைக் குறித்து வரும் ‘கொள்ளையர்’ என்ற சொல்லை மாணவர்கள் அப்படியே விடையில் எழுதிவிடுவார்கள். அப்படி அழைத்தது யார், தோட்டத் தொழிலாளி ஒருவராவது பேசியிருக்கிறாரா என்ற இரு கேள்விகளைப் பயிற்றியிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

செக்ரோலில் உள்ள பெயர்களை மறைக்காமல் கொடுக்கவே கூடாது. சின்ன ஊர், கடன் பத்தியில் இருப்பது யாருடைய தாத்தா என்று உடனே தெரிந்துவிடும். மூல ஏட்டில் மை வைக்காதீர்கள். நகலில் கறுப்படித்து, அதை மறுபடி நகலெடுங்கள். முதல் நகலை வெளிச்சத்தில் பிடித்தால் பெயர் தெரியும்.