கறுப்பினக் குழந்தைகளைத் தேறவைத்தவர்கள்: ‘தி ட்ரீம்கீப்பர்ஸ்’

கறுப்பின மாணவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்கக் கல்வி உலகில், கல்வி ஆய்வாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் கேள்வியையே மாற்றினார்: அவர்களைத் தேறவைக்கும் ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள்? அதற்கு விடை தேடும் ‘தி ட்ரீம்கீப்பர்ஸ்’ நூல் வந்தது 1994இல். வட கலிஃபோர்னியாவில் பெற்றோர், தலைமையாசிரியர்கள் இரு தரப்பும் பரிந்துரைத்த எட்டு ஆசிரியைகளைக் கூர்ந்து கவனித்திருக்கிறார். ஐவர் கறுப்பினத்தவர், மூவர் வெள்ளையர். பெற்றோரின் சொல்லுக்கு இத்தனை மதிப்புக் கொடுத்ததுதான் இந்த ஆய்வின் பெரிய பலம்.

பாடத்தில் தேர்ச்சி, சொந்தப் பண்பாட்டில் பிடிப்பு, சமூக அநீதியைக் கேள்வி கேட்கும் பார்வை: மூன்றும் சேர்ந்தால்தான் அவர் சொல்லும் ‘பண்பாட்டோடு பொருந்திய கற்பித்தல்’. இதே ஆய்விலிருந்து 1995இல் வந்த கட்டுரையில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர், பிள்ளைகள் கொண்டுவந்த ராப் பாடல் வரிகளைப் புரொஜெக்டரில் போட்டு, நேர்ப்பொருள், உட்பொருள், இயைபு, மோனை எனப் பிரித்துக் காட்டி, அப்படியே கவிதைப் பாடத்துக்குள் நுழைகிறார். பல பள்ளிகள் சறுக்குவது இங்கேதான். ராப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அலசலையும் மூன்றாவது கூறையும் விட்டுவிடுகின்றன. அப்போது மிஞ்சுவது வெறும் கொண்டாட்டம்.

தயார் பாடத்திட்டம் தேடுபவர்களுக்கு இந்த நூல் உதவாது. வாசிப்பைக் கற்பிக்க, அந்த எட்டு ஆசிரியைகளில் ஒருவர் வழக்கமான பாடநூலையே பிடித்துக்கொள்கிறார்; இன்னொருவர் முழு நூல்களைப் படிக்கவைக்கிறார். இருவர் வகுப்பிலும் பிள்ளைகள் தேறுகிறார்கள். ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் அந்த இரு வகுப்புகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.