தபால் ஆபீஸ் ஆர்.டி.: பால்வெட்டு வீட்டுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியக்காவிளைப் பக்கம் ரப்பர் பால்வெட்டை நம்பி வாழும் வீடுகளில், அடுத்த வருஷத்துக் கணக்குப் போட உட்காரும்போது முதலில் எழும் கேள்வி, சிட்டியில் (ஏலச் சீட்டில்) சேர்வதா, தபால் ஆபீஸில் மாதத் தவணையாகச் சேமிக்கும் ஆர்.டி. (ரெக்கரிங் டெபாசிட்) போடுவதா என்பதுதான். ஆர்.டி. நல்ல திட்டம். ஆனால் வரும் ஜூனில் அடைக்க வேண்டிய பள்ளிக்கூட ஃபீஸை நினைத்து அதில் சேர்பவர் ஜூன் வந்ததும் கையைப் பிசைவார். இது 5 வருஷத் திட்டம். இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் காலேஜ் செலவுக்குப் பொருந்தும். கிறிஸ்துமஸ் உடுப்புக்குப் பொருந்தாது.

கணக்கு இதுதான். மாதம் 100 ரூபாயிலிருந்து சேரலாம். அதற்கு மேல் 10 ரூபாயின் மடங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். மொத்தம் 60 தவணை. வட்டி 2023 அக்டோபர் முதல் 6.7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேரும். மாதம் 2,000 வீதம் 1,20,000 அடைத்தால் முடிவில் 1,42,730 ரூபாய் சொச்சம் வரும். அரசு காலாண்டுதோறும் வட்டியை அறிவித்தாலும், கணக்குத் தொடங்கிய நாளில் இருந்த வட்டிதான் 60 மாதமும். அந்த வட்டிக்கு வருமான வரி உண்டு, போடும் பணத்துக்கு வரிக் கழிவு கிடையாது.

பலர் கவனிக்காத இடம், பாதியில் முடிப்பது. முதல் 3 வருஷம் கணக்கை மூடவே முடியாது. அதன் பிறகு மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் கிடைக்கும். 5 வருஷம் நிறைய ஒரு நாள் மிச்சமிருந்தாலும் இதே கதி. 2,000 வீதம் 36 மாதம், அதாவது 72,000 அடைத்தவருக்கு ஏழரை ஆயிரத்துக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டிய வட்டி நாலரை ஆயிரம் அளவில் நின்றுபோகும். அதனால் ஒரே 2,000 ரூபாய்க் கணக்காகப் போடாமல், 500 வீதம் நான்கு கணக்காகப் போடுவது நல்லது. எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நெருக்கடி வந்தால் ஒன்றை மட்டும் மூடலாம்; மற்ற மூன்றும் முழு வட்டியோடு ஓடும்.

மூடுவதற்கு முன் இன்னொரு வழியும் இருக்கிறது. 12 தவணை அடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தால், கணக்கில் இருக்கும் தொகையில் பாதி வரை கடன் தருவார்கள். ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம், அதாவது இப்போதைக்கு 8.7. திருப்பிக் கட்டாமல் விட்டால் முடிவுத் தொகையில் கழித்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் முதலில் இதைக் கேட்பதே சரி.

இனி மலையோர வீடுகளின் உண்மையான பிரச்சினை. மாதச் சம்பளக்காரருக்குச் செய்த திட்டம் இது. ரப்பர் வருமானம் அப்படி வராது. இலை உதிர்ந்து தளிர்க்கும் தை, மாசியில் வெட்டு நிற்கும். ஜூன் வாக்கில் தொடங்கும் இடவப்பாதி மழையில் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டாத தோட்டங்களில் பல நாள் பால் இறங்காது. எடுத்துக்காட்டாக, வருஷத்தில் 8 மாதம் 24,000, 4 மாதம் 11,000 வரும் வீடு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 19,600 சொச்சம். இதைப் பார்த்து 3,000 ரூபாய் ஆர்.டி. போடுபவர்கள்தான் மூன்றாம் மாதமே தடுமாறுகிறார்கள். வறண்ட மாதத்தில் அரிசி, மீன், கரண்ட், கேஸ், மருந்து எல்லாம் போக 1,000 மிஞ்சும் என்றால் தவணையும் 1,000தான்.

வறண்ட மாதங்களைத் தாண்ட முன்கூட்டியே அடைக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு என்பது வருத்தம். 6 தவணையை ஒன்றாக அடைத்தால் மாதத் தவணையின் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 10 ரூபாயும், 12 தவணை என்றால் 40 ரூபாயும் தள்ளுபடி. 1,000 ரூபாய்க் கணக்குக்கு முறையே 100, 400. பால் நன்றாக இறங்கும் மாதங்களில் ரப்பர் ஷீட் விற்ற பணம் கையில் இருக்கும்போது, ஜனவரியில் 6 மாதத்துக்கு அடைத்துவிட்டால் ஜூன் வரை நிம்மதி.

தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். தொகை சிறிதுதான், அதைவிட எண்ணிக்கைதான் ஆபத்து. 4 தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். அதிலிருந்து 2 மாதத்துக்குள் உயிர்ப்பித்தாக வேண்டும். நிலுவையையும் அபராதத்தையும் தீர்த்த பிறகுதான் நடப்பு மாதத் தவணையை வாங்குவார்கள்.

தேதியிலும் ஒரு சூட்சுமம். மாதத்தின் முதல் 15 நாளில் தொடங்கிய கணக்குக்கு மாதாமாதம் 15-க்குள் அடைக்க வேண்டும். 16-க்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள் வரை நேரம். முதல் வாரம் கூலி வாங்குபவர் முன்பாதியிலும், மாதக் கடைசியில் ஷீட் விற்பவர் பின்பாதியிலும் தொடங்க வேண்டும். பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ வேலை பார்ப்பவர் அங்குள்ள கோர் பேங்கிங் (கணினி வழி இணைந்த) தபால் ஆபீஸிலேயே அடைக்கலாம். ஊர் மாறினால் கணக்கையும் மாற்றிக்கொள்ளலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் ஆப் வழியாகவும் தவணை கட்டலாம்.

தவணை வாங்க வீட்டுக்கு வரும் தபால் சேமிப்புப் பெண் ஏஜென்டுக்கு நாம் தனியாக எதுவும் தர வேண்டாம். 4 சதவீதக் கமிஷனை அரசே கொடுக்கிறது. பணம் கொடுத்ததும், ஏஜென்ட் வாங்கிய தவணையைக் குறிக்கும் ஆஸ்லாஸ் கார்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் கார்டில் ஏறியதெல்லாம் கணக்கில் ஏறியதாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாஸ்புக்கைக் கவுண்டரில் கொடுத்துப் பதிந்து, கார்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பாஸ்புக் எப்போதும் நம் கையில்தான் இருக்க வேண்டும்.

சிட்டியோடு ஒப்பிட்டால்? 1969-ல் தொடங்கிய கேரள அரசின் சிட்டி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. போன்ற இடங்களில், காலம் முடியும் முன்பே ஏலத்தில் மொத்தத் தொகையை எடுக்கலாம். ஆர்.டி.யில் இல்லாத வசதி இது. விலையும் உண்டு: 2 லட்சச் சிட்டியை ஏலத்தில் 25 சதவீதம் விட்டுக்கொடுத்து எடுத்தால் கையில் 1,50,000. ஜாமீன் வைக்க வேண்டும், மீதித் தவணைகளையும் கடைசிவரை அடைக்க வேண்டும். வீடு மராமத்துக்கு நடுவில் பெருந்தொகை தேவைப்படுவோர்க்குச் சிட்டி, அவசரமில்லாதவர்க்கு ஆர்.டி. 1982-ஆம் ஆண்டுச் சிட்டி நிதிச் சட்டப்படி பதியாத சிட்டிப் பக்கமே போக வேண்டாம்.

வருஷத்துக்குள் வரும் செலவுகளுக்கு வங்கியில் 6 மாத ஆர்.டி. போதும். ஜூன் ஃபீஸ் 18,000 என்றால், ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை 3,000 வீதம் அடைத்து, முடிந்த தொகையை ஜூன் வரை தொடாமல் வைக்கலாம். மழைக்குப் பால் குறையும் மாதம் நடுவில் வரும் என்று தோன்றினால் 2,500 ஆகக் குறைத்துக்கொண்டு, மீதி 3,000-ஐ வெட்டு மீண்டும் தொடங்கும் ஏப்ரல், மே வருமானத்தில் ஒதுக்கலாம்.

தபால் ஆபீஸில் கணக்குத் தொடங்க ஆதார், பான், போட்டோ கொண்டுபோக வேண்டும். 10 வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே தொடங்கலாம். படிவத்தில் நாமினி பெயரை எழுதிவிட்டு, அது பாஸ்புக்கிலும் பதிந்திருக்கிறதா என்று கவுண்டரிலேயே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.