பிந்தா காலத்துச் சைக்கிளில் கிசால்லோ ஏற்றம்: ஒரு வாடகைச் சேவை

இத்தாலியின் கோமோ ஏரிப் பகுதியில், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பந்தயச் சைக்கிள்களைச் செப்பனிட்டு ஒரு நாள் வாடகைக்குத் தரும் கடை ஒன்று உள்ளது. சைக்கிளில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை ஆயத்தம் செய்த விதத்தில் உண்டு.

பெல்லாஜியோவிலிருந்து 754 மீட்டர் உயரத்திலுள்ள கிசால்லோ தேவாலயம் வரை ஏறும் சாலையைக் கடைக்காரரே பரிந்துரைக்கிறார். பிரான்ஸின் நீஸ் நகரில் சுவர்ப்பூச்சு வேலை செய்துகொண்டே பந்தயங்களில் ஓட்டிவந்த இத்தாலியச் சைக்கிள் வீரர் ஆல்ஃபிரெடோ பிந்தா, 1924 லொம்பார்தியா பந்தயத்தில் இந்த உச்சியை முதலில் எட்டுபவருக்கான 500 லிராவை வென்று, லென்யானோ என்ற தொழில்முறை சைக்கிள் அணியில் இடம்பிடித்தார் என்பதால் அது பொருத்தமான தேர்வுதான்.

பின்சக்கரத்தின் இரு பக்கமும் பல்சக்கரம் இருக்கிறது. சமதளத்துக்குச் சிறியது, ஏற்றத்துக்குப் பெரியது. கியர் மாற்ற வேண்டுமானால் இறங்கி, நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, செயினை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். முன்கூட்டியே இறங்கினால் சமதளத்தில் கால்கள் வீணாகச் சுழலும். தாமதித்தால் ஏற்றத்தின் பாதியிலேயே தொடைகள் கெஞ்சும். டூர் டி பிரான்ஸில் தொழில்முறை வீரர்களுக்கு, ஓட்டிக்கொண்டே செயினைப் பல்சக்கரம் மாற்றும் டிரேலியர் (derailleur) கியர் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது என்பதை நினைத்தால், எங்கே இறங்குவது என்ற கணக்கும் அன்றைய வீரனின் திறமையில் சேர்த்தி என்பது புரிகிறது.

இங்கேதான் என் மனத்தாங்கல். கையால் திருகும் இறக்கை நட்டுகளுக்குப் பதிலாக அறுகோண நட்டுகளைப் போட்டு, கூடவே ஒரு ஸ்பேனரையும் கொடுத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள், அந்தக் காலத்து அனுபவத்தை விற்கும் கடைக்கு அது அழகல்ல.

உடன் தரும் துண்டுப் பிரசுரம் இத்தாலியைச் சுற்றிப் பல கட்டங்களாக நடக்கும் ஜீரோ (Giro d'Italia) பந்தயத்தில் பிந்தா வென்ற ஐந்து பட்டங்களையும் (1925, 1927, 1928, 1929, 1933), மூன்று உலகப் பட்டங்களையும் (1927, 1930, 1932) வரிசைப்படுத்துகிறது. ஆனால் 1927 ஜீரோவின் 15 கட்டங்களில் 12ஐ அவர் வென்றதையோ, போட்டி சுவையற்றுப் போய்விடுமோ என்று அஞ்சிய அமைப்பாளர்கள் 1930இல் 22,500 லிரா கொடுத்து அவரை வராமலிருக்கச் செய்ததையோ குறிப்பிடவில்லை. எந்தப் பட்டியலையும்விட அவருடைய உயரத்தைக் காட்டுவது அந்தத் தொகைதான். 1936 மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் விழுந்து தொடை எலும்பு முறிந்ததோடு ஓட்ட வாழ்க்கை முடிந்ததும் விடுபட்டிருக்கிறது.

பிரேக் மெதுவாகவே பிடிக்கும் என்பதால் இறக்கத்தில் நிதானம் தேவை. இறக்கை நட்டு வேண்டுமென்று முன்பதிவின்போதே சொன்னால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் கூறினார். போகிறவர்கள் மறக்காமல் கேளுங்கள்.